ராகிக் குழியிலிருந்து வந்த கயிறு

என்னோடு அழுத சபையாரே, நான் கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை. இருந்தும் சாட்சி சொல்ல நிற்கிறேன்.

ஜவளகிரிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், ஓர் ஆடி மாதம். எங்கள் பக்கம் ராகியைப் பூமிக்குள் குழி வெட்டிக் கொட்டி, வாயை மண் வைத்து மூடிவிடுவோம். வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் உள்ளே கெட்ட காற்று அடைந்து கிடக்கும். அதனால் குழியைத் திறந்து வெகுநேரம் ஆறவிட்டு, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். விளக்கு நின்று எரிந்தால்தான் ஆள் இறங்குவது.

அன்றைக்கு வீட்டில் ஒரு பிடி மாவில்லை. குழியைத் திறந்ததும் மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. உள்ளே தண்ணீர் இறங்கினால் வருஷத்துச் சோறு போய்விடும். பக்கத்து நிலத்து முனியப்பா கன்னடக்காரர். "பேடண்ணா, வேணாம்! வெளக்கு உடாம எறங்காதே!" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரருக்கு அவசரம். "மழ வந்துருச்சுன்னா எல்லாம் போச்சு. நாலு கூடை ராகி எடுத்துட்டு ஏறிர்றேன்" என்று இறங்கிவிட்டார். கூப்பிட்டேன். பதில் இல்லை.

அவர் தம்பி தாவீது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவனும் உள்ளே சாய்ந்துவிட்டான். நானும் முனியப்பாவும் சேர்ந்து இழுத்தோம். "ஆண்டவரே, அவரைத் தாரும், அவரைத் தாரும்" என்று ஒவ்வோர் இழுப்புக்கும் சொன்னேன். மேலே வந்தது தாவீது. மூச்சு இருந்தது. கையில் என் வீட்டுக்காரரின் துண்டு மட்டும் இருந்தது. அவரை எடுக்க முடிந்தபோது உயிர் இல்லை. மழை பெய்யவேயில்லை.

கல்லறைத் தோட்டத்தில் "தேவசித்தம் அம்மா" என்றார்கள். அந்த வார்த்தை எனக்குள் இறங்கவில்லை. கோயிலுக்கு வந்தேன், பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. தாவீதின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவன் சாப்பிட வந்தால் களியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவனும் பாதி உருண்டையோடு எழுந்துவிடுவான். ஒரே வீட்டில் இரண்டு பேர் நடைப்பிணமாக இருந்தோம்.

ஒரு மத்தியானம் அவன் தட்டைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, அண்ணன உட்டுட்டு ஆண்டவரு என்னை எதுக்கு மேல ஏத்துனாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதக்கணக்கில் நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அவன் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியல தாவீது. நீ சாப்புடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுதோம், அவ்வளவுதான். எழுந்தபோது நெஞ்சில் ஓர் அமைதி இருந்தது. துக்கம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. ஆண்டவரோடு நான் போட்டுக்கொண்டிருந்த சண்டை போய்விட்டது.

மறு வருஷம் அதே குழியைத் திறந்தோம். விளக்கை இறக்கினோம், அணைந்தது. காத்திருந்தோம். மறுபடியும் அணைந்தது. அன்றைக்கும் மேகம் கூடியிருந்தது. வந்தால் வரட்டும் என்று குழிமேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் விளக்கு நின்று எரிந்தது. தாவீது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

உங்களிலும் கேட்டது கிடைக்காதவர்கள் இருப்பீர்கள். ஆண்டவர் முன்னால் அழுங்கள், சண்டையும் போடுங்கள், ஆனால் அவரை விட்டு மட்டும் போய்விடாதீர்கள். ஆண்டவர் எனக்கு மிச்சம் வைத்துத் தந்த பிள்ளை தாவீதை நான் ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்தேன். அந்த மறு வருஷம் கயிற்றை இழுத்தபோது, பழைய ஜெபத்தையே பேர் மாற்றிச் சொன்னேன்.

"ஆண்டவரே, தாவீதைத் தாரும்."

தந்தார்.