மோட்டார் அறைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு

மோட்டார் அறைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. நான் போட்டதுதான். எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஒரு குளம். அது நிறைந்தால் மறுகால் பாய்ந்து, மோட்டார் அறையை ஒட்டிய ஓடை வழியாகத் தாமிரபரணிக்குப் போகும். ஒரு பெருமழையில் ஓடை கொள்ளாமல் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வடிந்த மறுநாள் சூப்பிரண்டம்மா வந்தார்கள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துச் சேற்றில் நின்று, சுவரில் ஈரம் ஏறியிருந்த இடத்தைப் பார்த்தார்கள். "அண்ணாச்சி, அதுல ஒரு கோடு போட்டு வையுங்க. நாளைக்கு நம்ம சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ" என்றார்கள். ஜன்னலுக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்தது. போட்டேன்.

அவர்களுக்குப் பாளையங்கோட்டை. எங்கள் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமை. நான் எட்டாவதோடு நின்றவன், மோட்டார் போடுகிறவன். என்னிடம் வேலை சொல்லும்போதும் முகம் பார்த்துச் சொல்லுவார்கள்.

பிறகு புதுத் துணைவேந்தர் வந்தார். பல்கலைக்கழகம் இனி எப்படி வளர வேண்டும் என்று பேராசிரியர் முதல் பெருக்குகிறவர் வரை யோசனை சொல்லச் சொன்னார். ஆளுக்கொரு படிவம். பிரிவுத் தலைவர் கையெழுத்தோடு கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எனக்கு ஒரே யோசனைதான் இருந்தது. ஓடைப் பக்கம் எதுவும் கட்டக் கூடாது. அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். 'என்ன அமைக்கலாம்' என்றுதான் கட்டம் இருந்தது. வேண்டாம் என்று எழுத இடமில்லை.

"வேண்டாம்னு எழுதினா குப்பையில போட்டுருவாவ, அண்ணாச்சி. பூங்கான்னு எழுதுவோம். பூங்கா வந்தா கட்டடம் வராதுல்லா?"

எனக்கும் அது நல்ல புத்தியாகத்தான் பட்டது. 'நீரோடைப் பூங்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு பேராசிரியர் கண்ணாடி நூலகம் கேட்டார். இன்னொருவர் மலை பார்த்த விருந்தினர் மாளிகை கேட்டார். சீவலப்பேரி வாட்ச்மேன் தனக்கு ஒரு கக்கூஸ் கேட்டார். சிரித்தார்கள். எனக்காக அம்மா பூங்கா என்று வாசித்ததும் கை தட்டினார்கள். வாட்ச்மேன் என் பக்கம் குனிந்து, "உம்ம ஓடைக்கு நகையெல்லாம் பூட்டப் போறாவ வே" என்றார்.

அப்படித்தான் ஆனது. ஓடையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர் எழுப்பினார்கள். பதினைந்தடி ஓடை நாலடி ஆனது. வண்ண விளக்கு போட்டார்கள். மீந்த இடத்தில், பூங்காவைப் பார்த்தபடி பெண் பிள்ளைகள் விடுதி எழும்பியது. அங்கே கட்ட வேண்டாம் என்று அம்மா மூன்று கடிதம் எழுதினார்கள். கடைசியில் துணைவேந்தர் அலுவலகத்தில் அவர்களைக் கூப்பிட்டு அந்தப் படிவத்தைக் காட்டி, கேட்டது நீங்கள்தானே என்றார்களாம். வந்து என்னிடம் சொல்லும்போது குரல் மாறவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் திறக்காமலே கொண்டு போனார்கள்.

ஓய்வு பெற்ற அன்று அம்மா, கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நேரே மோட்டார் அறைக்கு வந்தார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் என்னிடம் இருந்தது. அதன் ஒரு முனையை அவர்கள் சிவப்புக் கோட்டில் பிடித்துக்கொண்டார்கள். மறுமுனையோடு நான் விடுதிச் சுவருக்கு நடந்தேன். அங்கே தரை பள்ளம். கோட்டின் மட்டம், குழாயில் தண்ணீர் நின்ற இடம், இங்கே என் நெஞ்சுக்கு வந்தது. ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. கட்டில் அதற்கும் கீழே இருந்தது. எங்கே வருகிறது என்று அங்கிருந்து கேட்டார்கள். நான் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். குழாய் முனையைக் கோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னார்கள்.

"அங்கனயும் ஒரு கோடு போட்டுருங்க."

போட்டேன். பிள்ளைகள் பயப்படும் என்று ஒரே வாரத்தில் வெள்ளையடித்துவிட்டார்கள்.

அதிலிருந்து மழை பெய்தால் அம்மா போன் பண்ணுவார்கள். இப்போது மூன்று நாளாக மழை. மணிமுத்தாறு அணை நிறைந்துவிட்டது என்கிறார்கள். இன்று காலையிலிருந்து குளம் மறுகால் பாய்கிறது. சிமென்ட் சுவர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறது. கீழ்த்தளத்துப் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றுங்கள் என்று விடுதிக் காப்பாளரிடம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். அம்மாவிடம் போனில் அதைச் சொன்னேன்.

"எழுதுனது போதும், அண்ணாச்சி. போய் ஒவ்வொரு கதவாத் தட்டுங்க."

தட்டினேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே மெத்தையைச் சுருட்டி மாடி ஏறினார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பி வந்து மோட்டார் அறையில், கோட்டுக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் ஈரம் ஏற ஆரம்பித்திருக்கிறது. எழுதுவதை இத்தோடு நிறுத்திவிட்டு மறுபடியும் தட்டப் போகிறேன்.