முகம் தெரியாத படம்

தங்கையின் கல்யாணப் படங்களுக்காக ரிங்லெட் என்ற மலையூரிலிருந்து வந்த புகைப்படக்காரர் அவர். கம்பளிக் குல்லா, கழுத்தில் இரண்டு கேமரா. முன்பொருமுறை பனி மூடி மணமக்களே தெரியாமல் போன அவருடைய படம் ஒன்று வைரலாகிவிட்டது. அதிலிருந்து எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.

தேயிலைச் சரிவில் நல்ல வெயில். ஜோடி தயாராக நின்றது. அவரோ மலையைப் பார்த்தபடி பனிக்காகக் காத்திருந்தார்.

"வெளிச்சம் நல்லாருக்கே, எடுங்கண்ணே."

"மூஞ்சி தெரிஞ்சா லைக் விழாதுலா தம்பி."

மாலையில் பனி இறங்கியது. வெள்ளை வெளேரென்று எடுத்துத் தள்ளினார். தங்கைக்குப் பரம சந்தோஷம்.

கிளம்பும்போது என்னை ஓரமாக அழைத்து ஒரு படத்தைக் காட்டினார். வெயிலில் தங்கை வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"இது எப்பண்ணே எடுத்தீங்க?"

"கை சும்மா இருக்கலைலா. வச்சுக்குங்க. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்."

வீட்டில் அதைத்தான் மாட்டியிருக்கிறோம். யார் எடுத்தது என்று கேட்பவர்களிடம், தெரியாது என்கிறேன்.