வெள்ளவத்தையில் ரயில் பார்த்தது

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கினேன். விசாவுக்குக் காத்திருந்த பக்கத்து அறைக்காரர், ஒட்டகம் மாதிரி உயரமானவர், முதல் நாளே எச்சரித்தார்: "தம்பி, சந்திக்குச் சந்தி ஆமிச் செக்கிங். ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் நடவும்."

"அப்ப கொழும்பில என்னத்தைப் பாக்கிறது?"

பின்னேரம் சூடான பருப்பு வடை வாங்கிக்கொண்டு, கடலோரத் தண்டவாளத்துக்குக் கூட்டிப்போனார். "ஊரில தண்டவாளம் ஷெல்லுக்கு ஒளிக்கிற பங்கருக்குக் கூரையாத்தானே கிடக்கு? இஞ்ச அதுக்கு மேல ரயில் ஓடும். வரும்வரைக்கும் வடையைத் தொடாதையும்."

ரயில் வந்தது. வடையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். பெட்டிக்குப் பெட்டி, முன்பின் தெரியாதவர்களின் கைகள் பதிலுக்கு ஆடின. என் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒருவர் கண்ணிலும் படக்கூடாதென்ற மனிதர், முழு ரயிலின் கண்ணிலும் பட்டுவிட்டு, அடுத்தது எப்போது வருமென்று கடிகாரத்தைப் பார்த்தார்.