மூன்றாம் வகுப்பில் தேறியவன்

1940-ஆம் ஆண்டு பி.ஏ. முடிவு வெளியான காலையில் ஷரஃபுதீன் மைலாப்பூர் கச்சேரி ரோட்டு முனையில் நின்று பத்திரிகையைப் பிரித்தான். முதல் வகுப்பில் தேடவே இல்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு நப்பாசையோடு தேடினான். அவனுடைய எண் மூன்றாம் வகுப்பின் நீண்ட பத்திக்குள் எங்கோ நடுவில் கிடந்தது. தோற்காமல் தப்பித்தோமே என்று ஒரு மூச்சு விட்டான். அடுத்த மூச்சிலேயே இனி என்ன என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவன் அத்தா பீர் முஹம்மது அதே ரோட்டில் தையற்காரர்களுக்கு நூலும் பொத்தானும் நாடாவும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். பையன் பி.ஏ. என்பதே அவருக்குப் போதும். வகுப்பு, எண் எல்லாம் அவருக்குப் புரியாது. அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், “பாஸ் பண்ணிட்டான் பாய்” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை எண்ணிப் போட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த ஷரஃபுதீனுக்கு ஒவ்வொரு தடவையும் காது கூசியது.

யுத்தம் தொடங்கியிருந்த சமயம். மவுண்ட் ரோட்டிலும் துறைமுகத்துப் பக்கமும் கம்பெனிகள் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தன. கணக்கு, வாணிபச் சட்டம், நிர்வாகம் என்று படித்தவர்களுக்கு மேஜையும் மின்விசிறியும் கிடைப்பதாகப் பேச்சு. ஷரஃபுதீனுக்கு அதில்தான் மனம் போயிற்று. அவனோடு படித்து அவனைப் போலவே மூன்றாம் வகுப்பில் தேறியிருந்த சங்கரனும், மாட வீதிப் பையன், கூடச் சேர்ந்துகொண்டான்.

முதலில் இருவரும் அந்தப் படிப்புக்காக நகரத்தின் பெயர்பெற்ற ஒரு கல்லூரிக்கே போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“எந்த கிளாஸ்?”

“மூணாவது சார்.”

“செகண்ட் கிளாஸ் இல்லாம அப்ளிகேஷனே குடுக்கறதில்ல. அடுத்த ஆள்.”

திரும்பும்போது டிராமில் சங்கரன் சொன்னான்: “பம்பாய்ல ஒரு காலேஜ் இருக்கு. தனியா ஒரு டெஸ்ட் வெச்சு மூணாம் கிளாஸையும் எடுத்துக்கறான். நான் எங்க மாமா ஆத்துல தங்கிண்டு படிச்சுடுவேன். நீயும் வாயேன்டா.”

பம்பாயிலிருந்து விவரப் புத்தகம் வந்தது. ஷரஃபுதீனுக்கு அங்கே மாமா வீடு எதுவும் இல்லை. படிப்புச் சம்பளம், விடுதி, சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தபோது கடையின் ஒரு வருஷத்து வரும்படி அதற்குக் காணாது என்று தெரிந்தது. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது இடம் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. தனபாலன் என்பவர் மாலை வகுப்பாக நடத்திவந்தார். இரண்டு வருஷப் படிப்பு. லண்டனில் உள்ள ஒரு சங்கம் கேள்வித்தாள் அனுப்பும், விடைத்தாள்களும் லண்டனுக்கே போய்த் திருத்தப்பட்டு வரும், டிப்ளமோவும் அங்கிருந்தே வரும். சம்பளம் குறைவு. வகுப்பு கேட்பதில்லை.

மலிவு என்பதாலேயே ஷரஃபுதீன் சந்தேகப்பட்டான். அவன் அவசரக்காரன் அல்ல. நேரே தனபாலனிடமே போய்க் கேட்டான்.

“இங்க படிச்சவங்களுக்கெல்லாம் வேலை கெடச்சுதா சார்?”

தனபாலன் கண்ணாடியைக் கழற்றினார். மெலிந்த மனிதர். தோளில் கோட்டு தொங்கியது. “பாதிப் பேருக்குக் கெடச்சுது தம்பி. மீதிப் பேரு இன்னும் தேடறாங்க. பொய் சொல்லி உங்கள சேத்துக்க மாட்டேன்.”

பெயர் கேட்டு வாங்கி, வேலை கிடைத்த இருவரைத் தேடிக்கொண்டு போய் விசாரித்தான். ஒருவர் மோட்டார் கம்பெனியில் கணக்கர். “அந்த ஆளு நல்லா சொல்லிக் குடுப்பாரு. மத்தது உன் தலையெழுத்து” என்றார். மற்றவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஷரஃபுதீன் தீர்மானித்துவிட்டான்.

வீட்டில் அத்தா அதற்குள் வேறு தீர்மானம் செய்திருந்தார். தலையணைக்கு அடியில் இருந்த புத்தகத்தை அவர் பார்த்திருந்தார். அதிலிருந்த கட்டிடத்தின் படத்தையும் பார்த்திருந்தார். கடையில் பாதியை விலைக்குப் பேசி முடித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

“பம்பாய்க்கு எப்ப போவணும்?”

“நான் போவல அத்தா. தி. நகர்லயே ஒரு படிப்பு கீது.”

“காசுக்காவ சொல்றியா?”

“இல்ல. இங்கயே நல்லா சொல்லித் தராங்க. விசாரிச்சிட்டேன்.”

பீர் முஹம்மது தட்டில் கையை வைத்தபடியே இருந்தார். “என் கையால ஆவாதுன்னு நீயா முடிவு கட்டிட்டே. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கல.”

“அப்டி இல்ல அத்தா…”

“வேற எப்டி?”

அம்மா அமீனா பீ, “வுடுங்க, கண்ணெதிர இருக்கட்டுமே” என்றாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் வரை மகனிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையின் பாதி விற்கப்படாமல் நின்றது. அவரைக் காப்பாற்றியதாக ஷரஃபுதீன் நினைத்தான். அவரோ மகன் தன்னை எடைபோட்டுக் குறைத்துவிட்டதாக நினைத்தார்.

சங்கரன் பம்பாய் மெயிலில் போனான். ஷரஃபுதீன் பகலெல்லாம் கடையில் இருந்துவிட்டு, மாலையில் தேனாம்பேட்டைத் தோப்புகள் வழியாக நடந்தே தியாகராய நகர் போனான். மோட்டார்க் கணக்கர் சொன்னது சரிதான். கல்லூரியில் தலைக்குள் ஏறாத சங்கதிகளெல்லாம் தனபாலன் சொன்னால் ஏறின. ஒரு கம்பெனி எங்கே பணத்தை இழக்கிறது, எங்கே ஏமாறுகிறது என்று அவர் கதை போலச் சொல்வார். ஷரஃபுதீன் வாழ்நாளில் முதல் தடவையாக வகுப்பில் முதல் ஆளாக வந்தான். அதைச் சொன்னபோது அத்தா, “உம்” என்றார். மறுநாள் கடையில் யாரிடமோ, “லண்டன் பரீட்சைக்குப் படிக்கிறான்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது.

1942 ஏப்ரலில் சென்னை காலியாயிற்று. ஜப்பான்காரன் வந்துவிட்டான், குண்டு விழப்போகிறது என்று பேச்சு. போக முடிந்தவர்கள் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. மிருகக்காட்சிச் சாலையில் புலியையும் சிங்கத்தையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தையற்காரர்கள் ஓடிவிட்டதால் கடையில் ஈ ஆடியது. அமீனா பீயின் தம்பி ஷாஹுல் ஹமீது வாணியம்பாடியிலிருந்து வந்து அக்காவையும் மச்சானையும் அழைத்துக்கொண்டு போனார். ஷரஃபுதீன் மட்டும் தங்கினான். அடுத்த வாரம் பரீட்சை.

ரயிலில் ஜன்னலோரம் திணிக்கப்பட்டிருந்த பீர் முஹம்மது வெளியே கையை நீட்டி மகனின் சட்டையைப் பிடித்தார். “குண்டு வுழுந்தா எழுதிக்கினே ஒக்காராத. ஓடிடு.” இரண்டு வருஷத்தில் அவர் சிரித்துப் பேசியது அப்போதுதான்.

பரீட்சைக் கூடத்தில் பாதி பெஞ்சு காலி. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. கடைசித் தாளுக்கு முந்தின நாள் தந்தி வந்தது: அத்தாவுக்குக் காய்ச்சல், உடனே வரவும்.

தந்தியை எடுத்துக்கொண்டு தனபாலனிடம் ஓடினான்.

“கெளம்பு தம்பி. பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.”

“ஒரு தாள்தான் சார் பாக்கி. காய்ச்சல்தானே. நாளைக்கு எழுதிட்டு ஏறிடறேன்.”

“நான் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

விட்டுவிட்டு வந்தால் அத்தாவே திட்டுவார் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் எழுதினான். நன்றாகவே எழுதினான். பேனாவைக் கீழே வைத்ததும் சென்ட்ரலுக்கு ஓடினான். ரயிலில் கால் வைக்க இடமில்லை. பட்டாள வண்டிகளுக்கு வழிவிட்டு அது காட்பாடியில் வெகுநேரம் நின்றது. வாணியம்பாடியில் மாமா வீட்டு வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் அவனைக் கண்டதும் எழுந்தார்கள்.

ஷாஹுல் ஹமீது வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ராத்திரியே மவுத்தாயிட்டாரு. உனக்காகப் பாத்தோம். வெயிலு… வெச்சிருக்க முடியல. மத்தியானம் லுஹர் தொழுகையோட அடக்கம் பண்ணிட்டோம்.”

உள்ளே அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

“பரீட்சை எழுதினியா?”

“எழுதினேம்மா.”

“கேட்டுக்கினே இருந்தாரு. முடிஞ்சிதா, முடிஞ்சிதான்னு.”

ஈர மண்ணுக்குப் பக்கத்தில் அவன் நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. அத்தாவின் மய்யித்தைத் தூக்கத் தோள் கொடுக்கவில்லை, ஒரு கைப்பிடி மண் போடவில்லை. கூட வந்தவர்கள் துவா ஓதினார்கள். அவனும் கையேந்தி நின்றான்.

அவனும் அம்மாவும் சென்னைக்குத் திரும்பி வந்தார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் தனபாலன் ஆள் அனுப்பினார். மாடிப்படியிலேயே காத்திருந்தார், உள்ளே அழைக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

“நம்ம பேப்பருங்க போன கப்பல கடல்ல அடிச்சிட்டாங்களாம். சென்னையில எழுதினவங்க எல்லாரோடதும் போச்சு. பரீட்சைச் சம்பளம் கட்டாம மறுபடி எழுதலாம்னு லண்டன்ல சொல்றாங்க.”

ஷரஃபுதீன் படியில் உட்கார்ந்தான். யார் மேல் கோபப்படுவது? அந்தக் கப்பலோடு எத்தனை பேர் போனார்களோ. “கப்பல்ல இருந்தவங்க?” என்று கேட்டான். “தெரியல தம்பி” என்றார் தனபாலன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவன் சொல்லவில்லை.

நூல் வரத்து நின்றுபோய்க் கடையை மூட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் நகரத்தில் ரேஷன் வந்தபோது ஆயிரக்கணக்கில் குமாஸ்தாக்கள் எடுத்தார்கள். அதற்கு மூன்றாம் வகுப்பு போதும். அடையாறு வட்டார ஆபீசில் அட்டைகளுக்கு முத்திரை போடும் மேஜை அவனுக்குக் கிடைத்தது. ஜனங்கள் ஜன்னலில் கெஞ்சுவார்கள், ஏசுவார்கள். இறந்தவர்களின் பெயரை அட்டையிலிருந்து அடிப்பதும் அவன் வேலையே. சிலர் அரிசிக்காகச் சாவை மறைத்தார்கள். அவன் கண்டும் காணாமல் விட்டதுண்டு.

கடைசியில் ஒருநாள் அம்மா நேராகவே கேட்டாள். “லண்டன்லேந்து ஏன் ஒண்ணும் வரல?” அவன் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை நகர்த்தி வைத்தாள்.

“மறுபடி எழுது.”

“என்னால முடியாதும்மா. பேனா எடுத்தாவே அந்த நாளு வந்து நிக்குது.”

“அவரு மண்ணுக்கு நீ வரல. அதுக்கு ஒரு பலனாவது இருக்கட்டும். எழுது.”

அதை அவள் சுடுசொல்லாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனால் தட்ட முடியவில்லை. ஆபீஸ் விட்டு வந்து மறுபடி படித்தான். 1944-ல் எழுதினான். விடைத்தாள்கள் இந்தத் தடவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. யுத்தம் முடிந்த வருஷம் டிப்ளமோ வந்தது. எல்லாத் தாளிலும் நல்ல மதிப்பெண். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நல்ல வேலை கிடைக்க நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டாள்.

பாரி முனையில் ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மேஜைக்குப் பின்னால் இருந்த சூப்பரின்டெண்ட் டிப்ளமோவைப் புரட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பி.ஏ. சான்றிதழை எடுத்தார்.

“தேர்டு கிளாஸா?”

“ஆமா சார். ஆனா இதுல…”

“அது சரி. பட்டாளத்துலேந்து திரும்பி வர்றவாளுக்கு மொதல்ல இடம் குடுக்கணும். மிச்சத்துக்கு செகண்ட் கிளாஸ் ஆளே வரிசையில நிக்கறா. நீங்க போகலாம்.”

இன்னும் பல இடங்களில் ஏறி இறங்கினான். சொல் மாறியது, முடிவு மாறவில்லை. அந்த வருஷம் லீவில் வந்த சங்கரன் லஸ் மூலையில் அவனைப் பார்த்தான். பம்பாயில் ஒரு மில்லில் மேனேஜருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தான். ஷரஃபுதீனின் கதையெல்லாம் கேட்டதும் அவன் முகம் வாடிற்று.

“உன்கிட்ட மறைப்பானேன்? நான் படிச்சதை ஒருத்தனும் பாக்கலைடா. மாமா கூட்டிண்டு போனார், ஒக்கார வெச்சார். நீ பம்பாய் வந்திருந்தாலும்…”

அது ஆறுதலா, அடியா என்று ஷரஃபுதீனுக்கு விளங்கவில்லை. கடையில் பாதியை விற்றிருந்தாலும் இதே கதிதானா? அப்படியானால் அத்தாவின் மனத்தையாவது நோகடிக்காமல் இருந்திருக்கலாமே. வீடு வரை அதே நினைப்பு.

அடுத்த வருஷம் ரேஷன் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா ஓய்வு பெற்றார். அடுத்தபடி சர்வீஸ் உள்ளவன் என்று அந்த நாற்காலி ஷரஃபுதீனுக்கு வந்தது. டிப்ளமோவை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “லண்டன் பரீட்சை பாஸ் பண்ணினதாலதான் குடுத்தாங்கம்மா” என்றான். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது.

அமீனா பீ எழுந்து தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்றே சர்க்கரை வாங்கி வரச்சொல்லித் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். “அவரு மவுத்துக்குக்கூட வராம எழுதின பரீட்சை. வீணாப் போவல” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். வாசலில் நின்று ஷரஃபுதீன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

1947 ரம்ஜானுக்குப் பிறகு அவளும் போய்விட்டாள். இந்தத் தடவை அவன் தோள் கொடுத்தான், மண் போட்டான். மூன்றாம் நாள் பாத்திஹா ஓத வந்திருந்த ஷாஹுல் ஹமீது ஊர்க்காரர்களிடம், “மருமவன் படிப்பாலதான் இந்த எடத்துக்கு வந்தாரு. அக்கா அந்தச் சந்தோஷத்தோடவே போனா” என்றார்.

“ஆமா மாமா” என்றான் ஷரஃபுதீன்.

ரேஷன் கட்டுப்பாட்டை எடுக்கப்போகிறார்கள், குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஆபீசில் அதற்குள் பேச்சு கிளம்பியிருந்தது. அவன் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து முடித்து, பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு போகச் சட்டையைத் துவைக்கப் போனான்.