மணிக்கட்டில் இல்லாத முள்

அப்பாவின் வலது கையில் முள் இருப்பதாகவே நாங்கள் நம்பினோம். மழை பொய்த்துப்போன எங்கள் காட்டில் இப்போது சீமைக்கருவேல்தான் விளைச்சல். அதை வெட்டி, அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பதுதான் அப்பாவின் பிழைப்பு. திருச்சுழிப் பக்கம் அந்த முள் ஏறாத கை கிடையாது. ஏறினால் வாரக்கணக்கில் கடுக்கும். அதனால், பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன என்று அவர் சொன்னபோது, "முனை ஒடிஞ்சு உள்ள நிக்கிது" என்றாள் அம்மா. எருக்கம்பால் வைத்தாள். நான் செல்போன் வெளிச்சத்தில் ஊக்கால் மணிக்கட்டைக் கீறித் தேடினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பட்டம் வாங்கியவன் நான். எனக்கும் முள்ளென்றுதான் தோன்றியது.

"படிச்ச கையில்லையா, பூப்போலக் குத்துது" என்று அப்பா சிரித்தார்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அரிவாள் பிடி நழுவி அவர் காலருகே விழுந்த பிறகுதான் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் கருவி எதையும் எடுக்கவில்லை. கையை மல்லாத்தி வைத்து, மணிக்கட்டின் நடுவே விரல்நுனியால் தட்டினார். அப்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"கரண்டு அடிக்கிதுங்க. விரலுக்கு ஓடுது."

"முள்ளு இல்லய்யா. நரம்பு நசுங்குது."

பெருவிரலின் அடிச்சதை குழிந்துகிடந்ததை எனக்குக் காட்டினார். அத்தனை நாளும் அந்தக் கையைத்தான் பிடித்துக் கீறிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்தால் இதற்கு மேல் மோசமாகாது, போன பலம் முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார். அப்பா வெளியே போனதும் என்னை நிறுத்தினார்.

"தட்டுனா ஒண்ணுமே தெரியலன்னு அப்பா சொன்னா சந்தோசப்பட்டுறாதீங்க தம்பி. நரம்பு செத்துக்கிட்டு வந்தாலும் அப்படித்தான் இருக்கும்."

அப்பா ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார். மூட்டம் பிரிக்கணும், லோடு ஏத்தணும். ஆனால் தினமும் காலையில் தன் மணிக்கட்டைத் தானே தட்டிப் பார்ப்பார். "நேத்தைக்கு இன்னைக்குக் கம்மி" என்பார். "அவுக முகமே தெளிஞ்சிருச்சு" என்று அம்மா சொல்லும்போது, டாக்டர் சொன்னதை விழுங்கிக்கொள்வேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

போன வாரம் வாசலிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏய், ரெண்டு பேரும் வாங்க. கரண்டு இம்புட்டுக்கூட அடிக்கல. சரியாப்போச்சு. இனி எதுக்குக் கத்தி?"

"சட்டைப் பொத்தானைப் போடுங்கப்பா" என்றேன்.

"இதெல்லாம் ஒரு வேலையாடா?"

பொத்தானைப் பிடித்தார். விரல்களுக்கு நடுவே அது நிற்கவில்லை. மறுபடி பிடித்தார். மூன்றாவது முறை நழுவியதும் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அம்மா கிட்டே போய் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முள்ளாவே இருந்திருக்கலாம்" என்றார்.