முத்தவல்லி எடுத்த பாடம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர்களில் மீரா மொய்தீன் ராவுத்தரின் காதுக்குத் தனிப் பேர் உண்டு. சூளையிலிருந்து இறக்கிய கோப்பையைச் சுண்டி, ஓசையிலேயே கீறல் உண்டா என்று சொல்லிவிடுவார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியானதும் அந்தக் காதை மதரஸாவுக்கும் கொண்டுவந்தார்.

அறுபத்தெட்டாம் வருசம், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் கபூர் அசரத்து அவரிடம் விடுப்பு கேட்டு வந்தார். வேலூர்ப் பக்கம் உஸ்தாதுகளுக்கு ஒரு மாதப் பயிற்சியாம். போக அவருக்குக் கொள்ளை ஆசை.

“ஓதிக் குடுக்கறதுக்குப் பயிற்சியா? எதுக்குங்க அவ்ளோ தூரம்? காலையில நான் வரேன், பாத்துக் கத்துக்குங்க,” என்றார் ராவுத்தர்.

காலையில் பிள்ளைகள் வழக்கம்போல் ஆளுக்கொரு பாடத்தை ஒரே நேரத்தில் உரக்க ஓதின. அந்த இரைச்சலுக்குள் யார் எங்கே தப்பு விடுகிறார்கள் என்று பிடிப்பதுதான் அசரத்தின் வேலை. ராவுத்தருக்கோ அது சந்தைக்கடை.

“எல்லாம் வாய மூடுங்க. ஒவ்வொருத்தரா ஓதுங்க.”

முதல் பிள்ளையின் குரல் கணீரென்றிருந்தது.

“சபாஷ். கீறலே இல்ல.”

“ரெண்டு வரிய வுட்டுட்டா அவ,” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அடுத்தவளுக்கு மெல்லிய குரல். “சரியில்ல, திரும்ப ஓது,” என்றார். அவள் சரியாகத்தான் ஓதியிருந்தாள். திரும்பவும் சரியாக ஓதினாள். மூன்றாம் தடவை அழுதாள். வாய் மூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஸ்கூல் மணி அடித்ததும் பாதிப் பேர் ஓதாமலே ஓடினார்கள். அசரத்து தரையைப் பார்த்தபடி இருந்தார். சிரிப்பை அடக்கினாரா, மனசுக்குள் இறைவன் பேரைச் சொல்லி திக்ரு செய்தாரா, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

வீட்டில் மனைவி ரஹ்மத் பீவி காத்திருந்தாள். “என்னங்க, நல்லா ஓதுன புள்ளைய அழ வச்சிட்டீங்களாமே.”

“அசரத்து சொன்னாரா?”

“அவரு வாயத் தொறக்கல. புள்ளைங்கதான் தெருவெல்லாம் சொல்லுதுங்க.”

பிள்ளைகள் பேச்சை மறுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை தொழ வரும் பெரியவர்களிடம் அசரத்து ஒரு வார்த்தை விட்டால்? அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் ராவுத்தர் அவரை ஓரமாக அழைத்தார்.

“வேலூருக்கு எப்பப் போறீங்க?”

“நீங்க லீவு குடுத்தாத்தானே.”

“குடுத்தாச்சு. காலை பஸ்ஸுக்கே கெளம்புங்க. வேணும்னா ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்க.”

“புள்ளைங்கள யாரு பாக்கறது?”

“பாங்கு சொல்ற மோதினாரு பாப்பாரு. நான் அந்தப் பக்கமே வரல.”

வெள்ளிக்கிழமை ஜமாஅத்தார் முன்னால் ராவுத்தர் எழுந்தார். காலம் மாறிவிட்டது, உஸ்தாதுகளும் படிக்க வேண்டும், அதற்காகவே அசரத்தைத் தாம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். போகவே மாட்டேன் என்று மனிதர் அடம்பிடித்தாராம்; இவர்தான் வற்புறுத்தி பஸ் ஏற்றிவிட்டாராம்.