வாஹித் பாஷாவின் இடது கை

ஆம்பூர்த் தோல் தரகர் வாஹித் பாஷாவைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய விரல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோல் மண்டியில் பழைய ஆட்கள் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையோடு கை சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் ஒரு விரலைப் பிடித்தால் நூறு. அடுத்து மூன்று விரலைப் பிடித்தால் முப்பது. சுற்றி நிற்கிறவர்களுக்கு இரண்டு முகங்களும் ஒரு துண்டும் மட்டுமே தெரியும். வாஹித் பாஷா மீசை முளைக்கும் முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர். அதனால் வாயில் எந்த எண் வந்தாலும் அது விரலிலும் வந்துவிடும். கடையில் எத்தனை முட்டை வாங்க வேண்டும் என்று வீட்டில் கேட்டால், சட்டை நுனிக்குள் கையை மறைத்து நான்கு விரலை நீட்டுவார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நான் இன்னா மண்டிக்காரியா?" என்பார் அவர் மனைவி சுகரா பேகம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் பக்ரீத் இரண்டு முறை வந்தது, ஜனவரித் தொடக்கத்திலும் டிசம்பரிலும். பலர் இதை மறந்துவிட்டார்கள். இந்தச் சம்பவத்தில் இரண்டு பக்ரீத்துக்கும் பங்கு உண்டு என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஜனவரி பக்ரீத் முடிந்த மறுநாள், உப்பு போட்ட ஆட்டுத்தோல் மொத்தமாக ஒரு பெரிய லாட் விலைக்கு வந்தது. வாஹித் பாஷா வழக்கமாகத் தோல் வாங்கிக் கொடுக்கும் தொழிற்சாலையின் மேனேஜர் குர்ஷித் உடனே போன் செய்தார். வாஹித் பாஷா அப்போது தம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய்க்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அடித்த மணி அவர் காதில் விழவில்லை. லாட் வேறு தரகருக்குப் போய்விட்டது.

"போன் எடுக்காத புரோக்கர் எனக்கு எதுக்கு பாய்?" என்று குர்ஷித் கேட்டார். "அடுத்த பக்ரீத்துக்கும் இப்டி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வாஹித் பாஷாவுக்கு வேறு தொழிற்சாலை கிடையாது. அன்று முதல் எங்கே இருந்தாலும் முதல் மணிக்கே போனை எடுத்தார். அவர் பெரும்பாலும் வண்டி மேல்தான் இருப்பார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டே ஓட்டினார். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து ஒருவர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். காதில் செருகும் ஒயரையும் வாங்கிப் பார்த்தார். பேசும்போது தலையாட்டும் பழக்கம் உள்ளவர் என்பதால் அது கழன்று மடியில் விழுந்தது.

பைபாஸ் சந்திப்பில் டிராஃபிக் ஏட்டு ஆதிகேசவன் அவரை இரண்டு முறை பிடித்து அபராதம் போட்டார்.

"பாய், இன்னொரு வாட்டி மாட்டினே, லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்டும்."

போனை விட்டால் தொழில் போய்விடும், போனோடு மாட்டினால் லைசென்ஸ் போய்விடும். வாஹித் பாஷா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் தம் தோஸ்த் ஆல்வினிடம் போனார். ஆல்வின் மிஞ்சிய லைனிங் தோலில் ஒரு பட்டை தைத்தார். தலையைச் சுற்றி வந்து தாடைக்குக் கீழே பக்கிள் மாட்டும் பட்டை அது. காதருகே போனைச் செருக ஒரு பை வைத்திருந்தார். பட்டை சிவப்பு என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. பழுப்பு நிறம். நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

"எத்தினியோ காலுக்குத் தச்சுட்டேன் பாய். தலைக்கு ஷூ தைக்கறது இதான் ஃபர்ஸ்ட்" என்றார் ஆல்வின்.

டிசம்பர் பக்ரீத் வந்தது. மறுநாள் காலை, தோல் வியாபாரி மஹபூப் பாஷாவின் கிடங்கில் ஒரு லாட் இருக்கிறது என்று தெரிந்து வாஹித் பாஷா வண்டியை எடுத்தார். சந்திப்புக்குச் சற்று முன்னால் காதருகே மணி அடித்தது. குர்ஷித்தான்.

"தோல் ஒண்ணுக்கு நூத்தி முப்பது வரைக்கும் போலாம் பாய். அதுக்கு மேல ஒரு பைசா வேணாம்."

"நூத்தி முப்பது. சரி சார்" என்றார் வாஹித் பாஷா. வலது கை ஆக்சிலேட்டரில் இருந்தது. இடது கை பிரேக்கை விட்டு எழுந்து காற்றில் ஒரு விரலை நீட்டியது. பிறகு மூன்று விரலை நீட்டியது. பின்னால் வந்த டவுன் பஸ், அவர் ஏதோ சைகை காட்டித் திரும்பப் போகிறார் என்று நினைத்து ஒதுங்கி, ஒரு கொய்யாப்பழ வண்டியை இடிக்கப் பார்த்தது.

ஆதிகேசவன் விசிலடித்து நிறுத்தினார்.

"இன்னா பாய் இது, தலைல?"

"பட்டை சார். போன் கைல இல்ல. நீங்களே பாருங்க, ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்குது."

"இப்பத்தான் இருக்குது. கொஞ்சம் முன்னால ஒரு கை ஆகாசத்துல இருந்துச்சே?"

"ஈ ஓட்டினேன் சார்."

ஆதிகேசவன் அருகே வந்து, போன் இல்லாத காதில் மெதுவாகச் சொன்னார்: "ஈ நூத்தி முப்பதா பாய்?"

வாஹித் பாஷா இடது கையை அவசரமாகச் சட்டை நுனிக்குள் மறைத்தார்.

"எங்கப்பா மாட்டுத் தரகர். காவேரிப்பாக்கம் பக்கம். இந்த வெரல்தான் எனக்குச் சோறு போட்டுச்சு" என்ற ஆதிகேசவன், நிழற்குடைக்குள் இருந்த ஒலிபெருக்கி மைக்கை எடுத்தார். எதிரே டீக்கடையில் வேறு தரகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால், வாஹித் பாஷா கிடங்குக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே விலை அங்கே போய்ச் சேர்ந்துவிடும். "உன் பட்டை சட்டத்துல இருக்குதா இல்லியான்னு நான் பேச வரல. வண்டி ஓட்டறப்போ பேசறது தப்பு. ஒத்துக்கறியா? இல்ல, நீ ரோட்டுல காட்டுன வெலைய நான் மைக்ல சொல்லவா?"

"சார், சார்! லைசென்ஸ எடுத்துக்கோங்க! மைக்க மட்டும் போடாதீங்க!"

லைசென்ஸை அப்படிக் கெஞ்சிக் கொடுத்தவரைத் தம் சர்வீசில் பார்த்ததில்லை என்று ஆதிகேசவனே பின்னால் என்னிடம் சொன்னார். ஆனாலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். போனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"இனிமே ஓட்டக் கூடாது."

"தள்ளலாமா சார்?"

ஆதிகேசவன் சற்று யோசித்தார். "தள்ளலாம்."

"தள்ளிக்கினே போன் பேசலாமா?"

"போய்டு பாய். பேஜார் பண்ணாத."

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. வாஹித் பாஷா டிவிஎஸ் ஃபிஃப்டியைத் தள்ளிக்கொண்டு, சட்டை நனைய, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தார். மஹபூப் பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாய், வண்டியத் தள்ளிக்கினு வர்றே? பெட்ரோல் போடக்கூட வழியில்லியா?"

வாஹித் பாஷா பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணமில்லை. மூச்சு திரும்பவில்லை, அவ்வளவுதான்.

"உங்க கம்பெனி ஒழுங்கா கமிஷன் குடுக்கறதில்லியா? நல்லா இருந்த மனுஷன்!" என்று மஹபூப் பாஷா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். கையோடு கை சேர்ந்தது. மேலே துண்டு விழுந்தது. வழக்கமாக உச்சத்தில் தொடங்கும் மஹபூப் பாஷா, விலை குறைந்தால் இவருக்கு நாலு காசு மிஞ்சட்டும் என்று இரங்கி, அன்று முதலில் ஒரு விரலைப் பிடித்தார். அடுத்துப் பிடித்தது இரண்டே விரல். வாஹித் பாஷா திகைத்துப் பேசாமல் இருந்தார். அதையும் வறுமை என்று எடுத்துக்கொண்ட மஹபூப் பாஷா, இரண்டில் ஒரு விரலை விட்டுவிட்டார்.

லாட் நூற்றிப்பத்துக்கு முடிந்தது. குர்ஷித் போனில் விலையை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "எப்படி பாய் முடிச்சீங்க?" என்று கேட்டார்.

"நடந்தே போனேன் சார்."

வேறு தரகர் என்ற பேச்சு அதோடு நின்றது. மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வாஹித் பாஷா வண்டி மேல் போன் பேசி நான் பார்த்ததில்லை. மணி அடித்தால் ஓரம் கட்டி, இறங்கி, தோள் துண்டை இடது கைமேல் போட்டுக்கொண்டுதான் பேசுவார்.

ஆனால் கிடங்குகளுக்குப் போகும் நாட்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். ஒருநாள் சந்திப்பில் ஆதிகேசவன் பார்த்துவிட்டார்.

"பாய், லைசென்ஸ்தான் வந்துடுச்சே? இன்னும் இன்னாத்துக்குத் தள்றே? பெட்ரோல் இல்லியா?"

வாஹித் பாஷா டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டேங்க் ஃபுல்லா இருக்குது சார். தயவுசெஞ்சு மைக்ல சொல்லிடாதீங்க."